இரண்டு ரப்பர் ஸ்டாம்புகள்

டாக்டரம்மா அப்பாவின் வலது முழங்கையை மடக்கிப் பார்த்தார். மடங்கவில்லை. நாற்காலியின் கைப்பிடியில் எப்படி இருந்ததோ, கட்டிலுக்கு மாற்றிய பிறகும் அந்தக் கை அப்படியேதான் இருந்தது. தன் மடியிலிருந்த படிவத்தைப் புரட்டினார்.

“கடைசியா உயிரோட பாத்தது எப்பம்மா?”

“காலைல. ஏழே முக்காலுக்கு” என்றாள் மகள்.

“பேசினாரா?”

“தூங்கிட்டிருந்தார்.”

பேனா அந்தக் கட்டத்துக்கு மேலே வந்து நின்றது. டாக்டரம்மா ஒருமுறை அப்பாவின் விறைத்த கையைப் பார்த்தார், ஒருமுறை இவளைப் பார்த்தார். மணி மூன்றாகியிருந்தது. “அந்தக் கட்டம் இருக்கட்டும். அவரோட அடையாள அட்டையை எடுத்துட்டு வாங்க. அதுக்குள்ள நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

யோசிக்க என்ன இருக்கிறது? இன்று காலை ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டே அப்பாவின் அறையை எட்டிப் பார்த்தாள். நாற்காலியில் தலை சாய்ந்திருந்தது. எதிரே டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து மணிக்கே எழுந்து பாத்திரத்தை உருட்டும் மனிதர். டிவியை அணைத்தாள். டீ பிளாஸ்க்கை அவர் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்தாள். கிளம்பிவிட்டாள். மதியம் மூன்று தடவை போன் அடித்தும் எடுக்காததால் ஓடி வந்தபோது, பிளாஸ்க் வைத்தது வைத்தபடி இருந்தது.

இப்போதும் அழுகை வரவில்லை. அந்த பிளாஸ்க் டீயை என்ன செய்வது என்பது ஒன்றுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

கூடத்தில் அண்ணன் போனில் இருந்தான். வந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, “காலைல நீ பாத்தப்ப நல்லாத்தானே இருந்தார்?” இவள் “ம்” என்றாள். அந்த ஒரு ‘ம்’தான் இவள் போட்ட முதலீடு. துக்க வீட்டில் பொய்க்குக் கால் முளைக்க அரை மணி நேரம் போதும். முதல் போனில், “காலைல தங்கச்சி பாத்தப்பகூட நல்லா இருந்தாராம்.” மூன்றாவது போனில், “காலைல தங்கச்சிகூடப் பேசிட்டு, டீ குடிச்சிட்டுத்தான் தூங்கினாராம்.” எதிர்வீட்டு அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு, “புண்ணியவான், மக கையால குடிச்சிட்டுப் போயிருக்காரு” என்றாள். மறுக்கலாம்தான். ஆனால் அது எல்லாருக்கும் இதமாக இருந்தது. இவளுக்கும்.

அட்டை அலமாரியில் இல்லை. கட்டிலுக்கு அடியிலிருந்த இரும்புப் பெட்டியை இழுத்தாள். முப்பத்திரண்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக அப்பா தூக்கிச் சுமந்த பெட்டி அது. ஸ்பானர்களுக்கு மேல் பழைய துணியில் சுற்றி இரண்டு ரப்பர் ஸ்டாம்புகள். ஒன்றில் ‘செக்டு’, மற்றதில் ‘டெஸ்டட்’. செக்டு ஸ்டாம்பின் பிடி தேய்ந்து வழவழத்திருந்தது. மற்றது அவ்வளவு தேயவில்லை.

காலேஜ் நாட்களில் அப்பாவின் ரிப்போர்ட்டுகளை டைப் அடித்துக் கொடுத்தது இவள்தான். ஒருமுறை பதினாலு லிஃப்டுக்கும் ஒரே வார்த்தையை, டெஸ்டட் என்றே, போட்டுவிட்டாள். அகராதியில் இரண்டும் அண்ணன் தம்பியாகத்தான் தெரிந்தன. அப்பா பதினாலையும் திரும்ப அடிக்க வைத்தார்.

“ரெண்டும் ஒண்ணுதானேப்பா?”

“கயிறு இருக்கா, பிரேக் இருக்கான்னு கண்ணால பாக்கறது செக். பாரத்தை ஏத்தி ஓட்டி, நடுவுல நிறுத்திப் பாக்கறது டெஸ்ட். பாத்துட்டு வந்து டெஸ்டுன்னு எழுதினா, அஞ்சாவது மாடில ஒருத்தன் தொங்குவான்.” பிறகு வழக்கமான கிண்டல். “கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய். ஏறிப் பார்ப்பதே மெய்.”

அடையாள அட்டை ஸ்டாம்புகளுக்கு அடியிலேயே இருந்தது. எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“டாக்டர்.” குரல் சாதாரணமாகத்தான் வந்தது. “காலைல பாத்தேன். கதவுகிட்ட நின்னு பாத்தேன். தொட்டுப் பாக்கல. டிவி ஓடிட்டிருந்துச்சு, நான்தான் அணைச்சேன். அவர் என்கிட்ட பேசினது நேத்து சாயங்காலம் ஏழு மணிக்கு.”

கூடத்தில் அண்ணனின் குரல் பாதி வாக்கியத்தில் நின்றது. போனில் யாரோ “ஹலோ, ஹலோ” என்றார்கள். எதிர்வீட்டு அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

டாக்டரம்மா எழுதினார். நேற்று, மாலை ஏழு.

“நான் பாத்தப்ப உயிர் இருந்திருக்குமா?”

“இல்லாமத்தான் இருந்திருக்கும்.”

“நிச்சயமாவா?”

டாக்டரம்மா பேனாவை மூடினார். “கையைப் பாத்து அவ்வளவு துல்லியமாச் சொல்ல முடியாதும்மா” என்றார்.

அண்ணன் அறை வாசல்வரை வந்து நின்றான். திட்டுவான் என்று நினைத்தாள். திட்டினால் தேவலை என்றுகூடத் தோன்றியது. அவன் பிளாஸ்க்கை எடுத்துத் திறந்து பார்த்தான். சமையலறைக்குப் போனான். தொட்டியில் டீ கொட்டும் சத்தம் கேட்டது.

ஐந்து மணிக்கு அமரர் ஊர்தி வந்தது. கூடவே, எல்லாரும் ‘கிரீஸ்’ என்று கூப்பிடுபவரும் வந்தார். அப்பாவுடன் கடைசிவரை வேலை பார்த்தவர். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். அப்பாவின் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு வெளியே போய் அடுக்குமாடியின் லிஃப்ட் கதவைத் திறந்து தலையை விட்டார்.

“வேலை செய்யுதுங்க. நான் இப்ப அதுலதான் வந்தேன்” என்றார் வண்டிக்காரர்.

“நீங்க ஒருத்தர் வந்தீங்க. எறங்கப்போறது அஞ்சு பேரு.” கிரீஸ் அவரையும் அண்ணனையும் எதிர்வீட்டு அண்ணாச்சியையும் உள்ளே இழுத்துக்கொண்டார். “உங்கப்பாவை நடுவுல தொங்கவிட்டா, எழுந்து உக்காந்து என்னை வைவாரு. ஒரு தடவை போயிட்டு வந்துர்றோம்மா.”

கதவு மூடியது. எதிர்வீட்டு அக்கா முன்பே தன் வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் இவளும் அப்பாவும் மட்டும் இருந்தார்கள்.

கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து, அப்பாவின் நெற்றியில் உள்ளங்கையை வைத்தாள். குளிர்ந்திருந்தது. லிஃப்ட் கீழே இறங்கும் சத்தம் சுவர் வழியாக வந்தது. நடுவில் ஒருமுறை நின்றது. மறுபடி இறங்கியது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மெல்ல மேலேறி வந்தது. கதவு திறந்து, “சரியா இருக்கு, எடுக்கலாம்” என்று கிரீஸ் சொன்னபோதும் அவள் கையை எடுக்கவில்லை.