நாற்பத்தேழாம் எண் டோக்கன்

1

இந்தக் கதை என்னுடையதில்லை. அக்கா மகளிடம் திருடியது. சுரங்கப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தவள் சாப்பிட்டபடி சொன்னதை, கை கழுவும் சாக்கில் எழுந்துபோய்க் குறித்துக்கொண்டேன்.

முதல் வரி இப்படி வந்தது: பூமியின் கருவறைக்குள் இருள் ஒரு மிருகத்தைப் போல...

(அடித்துவிட்டேன். படித்துக் காட்டியபோது அவள் கேட்டாள்: "மாமா, நீங்க எப்பவாவது உள்ள போயிருக்கீங்களா? அங்க லைட் போட்டிருப்பாங்க.")

2

சுரங்கக் கதை என்றால் யாராவது சாக வேண்டும் என்பது என் எண்ணம். "யாரும் சாகல மாமா" என்கிறாள். எனக்கு ஏமாற்றம். ஏமாற்றமாக இருப்பதில் வெட்கமும்கூட.

நடந்தது இதுதான். உள்ளே இறங்குகிறவர் வாசல் பலகையில் தனக்குக் கொடுத்த எண் போட்ட டோக்கனை மாட்ட வேண்டும். ஏறி வந்ததும் எடுத்துப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு டோக்கன் மிஞ்சினாலும் ஓர் ஆள் உள்ளே இருப்பதாக அர்த்தம். வெடி வைக்க மாட்டார்கள். தேடப் போவார்கள்.*

பயிற்சிக்குப் போன அன்று மதியம் மேலே வந்தாள். கொலைப்பசி. மற்ற மாணவர்கள் பஸ் ஏறிவிட்டார்கள், இவள் நேராகக் கேன்டீனுக்கு ஓடினாள்.

* பரீட்சையில் இதற்கு ஐந்து மதிப்பெண். ஐந்தும் வாங்கியவள் இவள்.

3

சங்கு ஊதியது. யாரோ உள்ளே மாட்டிக்கொண்டார்களாம். பதினோரு பேர் தேட இறங்கினார்கள். இவள் சாப்பாட்டைப் பாதியில் விட்டு ஓடினாள். பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள். யார் பெற்ற பிள்ளையோ என்று கொஞ்சம் அழுதும்விட்டாள்.

முக்கால் மணி நேரம் கழித்துத்தான் டோக்கன் கொடுக்கிறவரிடம் கேட்கத் தோன்றியது.

"அண்ணே, எந்த நம்பரு?"

"நாப்பத்தேழும்மா. நோட்டுல பேரு எழுதாம குடுத்துத் தொலைச்சிட்டேன். வேலை போனாப் போகட்டும், அந்தப் பிள்ளை உசிரோட வந்தாப் போதும்."

அவள் கால்சட்டைப் பையைத் தடவிப்பார்த்தாள். பை காலி. அப்போது அவள் முகம்...

(எழுத வரவில்லை.)

4

முடிவு ஒன்று: உண்மையைச் சொல்கிறாள். பயிற்சி ரத்து, ஒரு வருடப் படிப்பு பாழ். அக்காவிடம் யார் சொல்வது?

முடிவு இரண்டு: பலகை இரண்டு எட்டில் இருக்கிறது. யாரும் பார்க்கவில்லை. சத்தமில்லாமல் டோக்கனைக் கழற்றினால் இவள் தப்பிப்பாள். பழி அந்த மனிதர் தலையில் விழும்.

முடிவு மூன்று: தேடப்போனவர்களில் ஒருவர் மேல் பாறை...

("எழுதுனீங்கன்னா இந்த வீட்டுப் பக்கமே வரமாட்டேன்.")

"சரி, நீ என்னதான் பண்ணுன?" என்று கேட்டேன்.

"கை கழுவிட்டு வர்றேன் மாமா" என்று எழுந்து போனாள். போனவள் போனவள்தான்.

ஆகவே முடிவு உங்கள் பொறுப்பு. நிதானமாக யோசியுங்கள் என்று சொல்ல ஆசைதான். ஆனால் நீங்கள் யோசித்து முடிக்கும்வரை அந்தப் பதினோரு பேரும் உள்ளேதான் இருப்பார்கள். பெயர் தெரியாததால், "நாப்பத்தேழு... நாப்பத்தேழு..." என்று கூப்பிட்டுக்கொண்டே.