செலிணா மகண்

தளவாய்புரத்துக்கு மேற்கே, மலையடிவாரத்து மாந்தோப்பில் தோண்டியெடுத்த முதுமக்கள் தாழிக்குள் இருந்த எழுபது வயதுக் கிழவர், கிராம சுகாதாரச் செவிலியர் செலினாவின் மகன் ரோஷன்தான் என்று பரிசோதனை முடிவு வந்தது. தாழியின் வயது இரண்டாயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேல். செலினாவுக்கு அப்போது ஐம்பது முடிந்திருக்கவில்லை. அந்த வாரம் ராஜபாளையம் கமிஷன் கடைகளில் சப்பட்டை மாங்காய் வரத்து கூடி விலை இறங்கியிருந்தது. ஊரில் முதலில் அதைப் பேசிவிட்டுத்தான் இதைப் பேசினார்கள்.

ரோஷன் போனது ஒரு ஐப்பசி மழையில். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தவன், கூட்டாளிகளோடு அய்யனார் கோயில் அருவிக்குக் குளிக்கப் போனான். மேலே மலையில் மழை பெய்வது கீழே குளித்தவர்களுக்குத் தெரியவில்லை. காட்டாறு இறங்கியபோது மற்ற பையன்கள் பாறைமேல் ஏறிவிட்டார்கள். ரோஷன் முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள், கயிறு கட்டி இறங்கினார்கள், புதர் புதராக விலக்கிப் பார்த்தார்கள். உடல் கிடைக்கவில்லை. அவன் அப்பா வேதசிரோமணி, பேண்டேஜ் துணி நெய்யும் மில் ஒன்றில் சூப்பர்வைசர். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் நீளமான கம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு, ஆற்றுத் தண்ணீர் போய்ச் சேரும் கண்மாய்களை ஒவ்வொன்றாகக் குத்திப் பார்த்துக்கொண்டு நடந்தார். ஆறு மணலாகக் கிடந்த கோடையிலும் அவர் நிறுத்தவில்லை. செலினா இரண்டாவது வாரமே வேலைக்குத் திரும்பிவிட்டாள். அவள் அழுததை யாரும் பார்க்கவில்லை. குழம்பில் உப்பு இருக்கிறதா என்று கேட்டால் தெரியவில்லை என்பாள். கொதிக்கிற பாத்திரத்தைத் துணி பிடிக்காமல் இறக்கி வைத்துவிட்டு, விரல் சிவந்திருப்பதைப் பிறகு பார்த்துக்கொள்வாள்.

அவள் போட்ட ஊசி யாருக்கும் வலிக்காமல் போனது அந்த நாளிலிருந்துதான். தடுப்பூசிக்கு வந்த குழந்தைகள் அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தன, ஒன்றும் அழவில்லை. சர்க்கரை வியாதிக்காரர்கள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்தார்கள். மேற்கு மலைத் தொடரின் ஆதிக்குடிகள் யார், எங்கிருந்து வந்தார்கள் என்று ரத்தத்தை வைத்து ஆராய ஒரு குழு வந்திறங்கியபோது, ரத்தம் எடுக்க செலினாவையே கேட்டு வாங்கிக்கொண்டார்கள். குழுவின் தலைவி யோகேஸ்வரி, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் பிறந்து வளர்ந்து வெளிநாட்டில் படித்துத் திரும்பியவள். அவளுடைய ஜீப்பில் செலினா மலைமேலுள்ள பளியர் குடியிருப்புக்கும், செட்டியார்பட்டிக்கும், தளவாய்புரத்துக்கும், ராஜபாளையத்தின் தெலுங்கு பேசுகிற தெருக்களுக்கும் போனாள். ஒவ்வொரு சாதிச் சங்கமும் குழுவுக்கு மத்தியானச் சாப்பாடு போட்டது. தாங்கள்தான் மூத்த குடி என்று முடிவு வரும் என்று ஒவ்வொரு சங்கத்துக்கும் நம்பிக்கை இருந்தது.

அதே சமயத்தில் மாந்தோப்பில் கன்று வைக்கக் குழி எடுத்த ஜேசிபி, தாழி ஒன்றின் விளிம்பை உடைத்தது. எலும்பையும் ரத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று யோகேஸ்வரி குழுவிடமே அதையும் ஒப்படைத்தார்கள். மாதிரிகளைத் தொட்டவர்களின் எச்சிலையும் சேர்த்தே அனுப்ப வேண்டும் என்பது சோதனைச் சாலை வழக்கம். தொட்டவர் மரபணு எலும்பில் ஒட்டிக் குழப்பிவிடக் கூடாது என்பதற்காக. செலினாவும் ஒரு குழாயில் துப்பிக் கொடுத்தாள். கிழவரின் எலும்பில் பாதி அவளுடையதாக இருந்தது. ஒட்டிக்கொண்டது என்றால் முழுதாக ஒட்டியிருக்க வேண்டும், பாதி ஒட்டாது என்றார்கள். மீதிப் பாதிக்காக வேதசிரோமணியைத் துப்பச் சொன்னார்கள். அது அவருடையதாக இருந்தது. மூன்று சோதனைச் சாலைகளில் திரும்பத் திரும்பப் பார்த்தும் அதுவே வந்தது. இதற்கிடையில் கிழவரின் வாயில் மிஞ்சியிருந்த ஒரே கடைவாய்ப் பல்லின் குழியை யாரோ வெள்ளைச் சிமென்ட்டால் அடைத்திருந்ததையும் கவனித்தார்கள். ராஜபாளையத்துப் பல் டாக்டர் ஒருவர் படத்தை வாங்கிப் பார்த்து, பத்தாம் வகுப்புப் பரீட்சை சமயத்தில் தான் அடைத்த பல்தான் அது என்றார். அடைத்தது இவ்வளவு காலம் விழாமல் இருந்ததில் அவருக்கு உள்ளூரத் திருப்தி.

மடவார் வளாகத்தில் குழு வாடகைக்கு எடுத்திருந்த வீட்டுக்கு யோகேஸ்வரி செலினாவை அழைத்துப் போனாள். கூடத்தில் நீள மேஜைகளில் பானை ஓடுகள் பரப்பிக் கிடந்தன. தாழியைச் சுற்றியும் அடுத்திருந்த பழைய குடியிருப்பு மேட்டிலும் எடுத்தவை. ஏறக்குறைய எல்லா ஓட்டிலும் பழந்தமிழ் எழுத்துக் கீறியிருந்தது, எல்லாம் ஒரே கையெழுத்து. ஆரம்பத்தில் அழுத்தமாகவும் நேராகவும் இருந்து, மேலடுக்கு ஓடுகளில் நடுங்கிச் சாய்ந்திருந்தது. வாசிக்கப்பட்டது ஒரே தொடர்தான். கீறியவர் தன் பெயரைக்கூட எங்கும் எழுதியிருக்கவில்லை. அந்தத் தொடரின் முதல் சொல் கிரேக்க நிலாத் தெய்வத்தின் பெயர், மிளகு வாங்க மலையேறிய வணிகன் ஒருவன் எழுதியது என்று எழுத்தாய்வாளர் ஒருவர் கட்டுரை எழுதியிருந்தார். இன்னொருவர் அதிலிருந்த எழுத்து மாற்றத்தை வைத்து, அக்காலத்து மலைமக்கள் நாக்கை மடித்துப் பேசியிருக்கிறார்கள் என்று நிறுவியிருந்தார். யோகேஸ்வரி ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துக் காட்டி, கீழே ஒரு தாளில் இந்தக் காலத்து எழுத்தில் எழுதினாள். செலிணா மகண் என்று வந்தது.

செலினா தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவனுக்கு ரெண்டு சுழி மூணு சுழி வராது டாக்டரம்மா,” என்றாள். “இங்கிலீஷ் மீடியம். அவிய அப்பா எம்புட்டோ அடிச்சுப் பாத்துட்டாக. கடைசி வரைக்கும் அவன் படிக்கலை.”

பக்கத்து அறையில் எலும்புகளைக் கறுப்புத் துணியில் ஆள் படுத்திருக்கிற வரிசையில் அடுக்கியிருந்தார்கள். செலினா மண்டையோட்டின் நெற்றியில் கையை வைத்தாள். காய்ச்சல் பார்க்கிறவள்போல வைத்தாளே தவிர, அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. பிறகு சாப்பாட்டுக்குக் கஷ்டப்பட்டானா என்று கேட்டாள். யோகேஸ்வரி தாடையைக் காட்டினாள். பல் விழுந்த பள்ளங்களெல்லாம் எலும்பு மூடி வழவழப்பாக இருந்தன.

“பல்லு போன பொறவும் பல வருசம் நல்லா இருந்திருக்காருக்கா. யாரோ தெனமும் மசிச்சு மசிச்சுக் குடுத்திருக்காக.”

செலினா சரி என்றாள். செத்த நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போகிறேன் என்றாள். அறையில் நாற்காலி இல்லை. தரையில் உட்கார்ந்து, இருட்டும் வரை இருந்துவிட்டு பஸ் ஏறினாள்.

வேதசிரோமணிக்குச் சந்தோஷம் ஒரு ராத்திரிதான் இருந்தது. மறுநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் வாயைக் கொப்பளிக்காமலே அடுப்படிக்கு வந்து நின்றார்.

“எழுபது வயசு வரைக்கும் இருந்திருக்கான். வீட்டுக்கு வர வழி தெரியலையா ஏட்டி அவனுக்கு?”

“எங்க வருவான்?” என்றாள் செலினா. “அப்ப நாம பொறக்கவே இல்லைல்லா.”

அவர் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நுரை தாடையில் வழிய அழுதார். நீயும் அழேன் என்று அவளைக் கேட்டார். வரவில்லை என்றாள் அவள். வருத்தமாகச் சொல்லவில்லை, கடையில் பால் வரவில்லை என்பதைப்போலச் சொன்னாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கண்மாய்க்குப் போகவில்லை. கம்பைக் கொல்லையில் ஊன்றி அவரைக் கொடியை ஏற்றிவிட்டார்.

ரத்த முடிவுகள் எல்லாம் சேர்ந்து வர மேலும் ஒரு வருஷம் ஆனது. ரோஷனுக்கு அந்தக் காலத்தில் இரண்டு பெண்களும் ஒரு பையனும் பிறந்திருந்தார்கள். அவர்கள் வழி பெருகி, மலையிலும் அடிவாரத்திலும் ரத்தம் கொடுத்த ஒருவர் விடாமல் எல்லோரிடமும் அவன் இருந்தான். பளியர் குடியிருப்பில் இருந்தான், நெசவுத் தெருவில் இருந்தான், எப்போதோ பெண் கொடுத்து எடுத்த வகையில் தெலுங்கு வீடுகளிலும் இருந்தான். பிறகு ஒவ்வொரு சங்கமும் அவனைத் தன் ஆள் என்று சுவரொட்டி அடித்தது. பழைய கல்லூரி அடையாள அட்டையிலிருந்து எடுத்த ஒரே படம்தான் எல்லாச் சுவரொட்டியிலும். ராஜபாளையத்துப் பெரியவர் ஒருவர் சுவரில் அந்தப் பத்தொன்பது வயது முகத்தைப் பார்த்துத் தாத்தகாரு என்று செருப்பைக் கழற்றினார். மலையிலிருந்து இருளம்மாள், செலினாவிடம் வெகு காலமாக ஊசி போட்டுக்கொள்பவள், எழுபதுக்கு மேல் இருக்கும், வீடு தேடி வந்து வாசலில் நின்றாள். நான் உனக்கு என்ன முறை வேணும் என்று கேட்டாள். தனக்கும் தெரியவில்லை என்றாள் செலினா. இருளம்மாள் யோசித்தாள்.

“அப்பம் ஆச்சின்னே கூப்புடுதேன்,” என்றாள்.

அப்படியே ஆகிவிட்டது. பல் போன கிழவர்கள் பஸ்ஸில் எழுந்து, ஆச்சி உக்காருங்க என்று இடம் விட்டார்கள். கல்யாணப் பத்திரிகையை முதலில் அவள் வீட்டில் வைத்துவிட்டுத்தான் மற்ற வீடுகளுக்குப் போனார்கள். பெயர் வைக்கவும், காது குத்தவும் அவளைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனாள். போட்டதைச் சாப்பிட்டாள். தூக்கிக் கொடுத்த பிள்ளைகளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, எடை சரியாக இருக்கிறதா என்று பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள்.

எலும்பைத் தரும்படி அவள் ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். புதைபொருள் அரசாங்கத்துக்குச் சொந்தம் என்று அதிகாரிகள் பதில் சொன்னார்கள். தாய் உயிரோடு இருக்கிற புதைபொருளை என்ன செய்வது என்று விதிகளில் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை என்பதை அவர்களே பிறகு கண்டுபிடித்து, ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் தாழியும் ஓடுகளும் அருங்காட்சியகத்துக்கு, எலும்பு அம்மாவுக்கு என்று முடிவானது. அதற்குள் சபைக் குருவானவர் கிளாட்வினுக்கு வேறொரு சங்கடம். ரோஷன் ஞானஸ்நானம் பெற்றவன், அவரே கொடுத்தது. ஆனால் அவன் இறந்தது கிறிஸ்து பிறப்பதற்கு முந்நூறு வருஷம் முன்னால். அப்படிப்பட்டவனுக்கு நல்லடக்க ஆராதனை நடத்தலாமா என்று மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். ஞானஸ்நானத்துக்குக் காலக் கெடு கிடையாது என்று பதில் வந்தது. கிளாட்வின் அந்தப் பதிலை இரண்டு ஞாயிறுகளில் பிரசங்கமாக நீட்டினார்.

கல்லறைக் கல்லுக்கு எழுத்து வெட்டின பால்ச்சாமி, உளியை எடுப்பதற்கு முன் செலினாவுக்குப் போன் செய்தார். பிறப்பு 1999, இறப்பு கி.மு. 310 அளவில் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

“வருசம் மாறிக் கெடக்கே ஆச்சி?”

மாறவில்லை, அப்படித்தான் என்றாள்.

“‘அளவில்’ங்கிறதையும் வெட்டவா?”

“வெட்டுங்க. சரியாத் தெரியாதுல்லா.”

அடக்கம் ஒரு சனிக்கிழமை காலையில் நடந்தது. எலும்புக்கு நீளம் தேவைப்படாததால் சின்னப் பிள்ளைகளுக்குச் செய்கிற பெட்டியே போதுமானதாக இருந்தது. வேதசிரோமணி அதை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தார், கை மாற்றக் கேட்டவர்களிடம் கொடுக்கவில்லை. மில்களுக்கு லீவு விட்டிருந்தார்கள், விடாவிட்டாலும் ஆள் வந்திருக்காது. மலையிலிருந்து இறங்கியவர்கள், செட்டியார்பட்டியிலிருந்து ஆட்டோவில் வந்தவர்கள், ராஜபாளையத்துக் கார்கள் என்று கல்லறைத் தோட்டம் கொள்ளாமல் கூட்டம் ரோட்டைத் தாண்டி வயலுக்குள் நின்றது. பெட்டியை இறக்கினார்கள். அப்பாவும் அம்மாவும் முதலில் மண் போட்டார்கள். செலினா தன் பிடியைப் போட்டுவிட்டு ஒதுங்கி, தென்னை நிழலில் நின்றாள். அடுத்து கிளாட்வின், எத்தனையோ அடக்கங்களில் சொல்லிப் பழகிய வாய்ப்பாட்டில், இறந்தவருடைய பிள்ளைகள் முன்னால் வரலாம் என்றார்.

கூட்டம் முழுவதும் முன்னால் வந்தது. பின்னால் நிற்க யாரும் மிஞ்சவில்லை. தள்ளுமுள்ளு இல்லை, ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து போட்டுவிட்டு நகர்ந்தார்கள். இருளம்மாள் போட்டாள், சங்கத் தலைவர்கள் போட்டார்கள், பால்ச்சாமி போட்டார். செட்டியார்பட்டிக்காரரான கிளாட்வினும் புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு குனிந்தார். வெயில் ஏறியது. வரிசையில் நின்ற யோகேஸ்வரி தென்னையடிக்கு வந்து, செலினாவின் முழங்கையைத் தொட்டாள்.

“அக்கா, நீங்களும்தான். உங்க எச்சிலுலயும் அவரு இருக்காரு. மாமாட்டயும் இருக்காரு.”

செலினா அதற்கும் சரி என்றாள். வேதசிரோமணியைக் கூட்டிக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போனாள். முன்னால் நின்றவர்கள் ஆச்சிக்கு வழி விட்டபோது வேண்டாம் என்று தலையசைத்துவிட்டாள். முறை வரும் வரை நின்று, அம்மாவாகப் போட்ட இடத்திலேயே இப்போது பேத்தியாக ஒரு பிடி போட்டாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

குழி வெட்டின பாண்டிதுரை மூடுவதற்காக மண்வெட்டியோடு காத்திருந்தார். மூட ஒன்றும் இருக்கவில்லை. பிடி பிடியாக விழுந்ததிலேயே குழி நிறைந்து மேலே மேடும் ஏறியிருந்தது. அவர் தன் பங்குக்கு ஒரு பிடியை அதன்மேல் போட்டு, மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து மேட்டைத் தட்டிவிட்டார்.