ராமபத்ரன் அடைத்த குழாய்

ராமபத்ரன் கார் வாங்கினான் என்றால் அது பாதி உண்மைதான். கார் திருவள்ளூரில் அவன் வீட்டு வாசலில் நின்றது. அவன் எப்போதும்போல் காலை ரயிலைப் பிடித்து, பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி, கும்மிடிப்பூண்டிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். அங்கே இரும்புக் கம்பி உருட்டும் மில்லில் அவன் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். மில்லின் இயந்திரங்களை ஓட வைத்துச் சம்பளம் வாங்குகிறவனுக்குத் தன் வாசலில் நிற்பதை நம்பி வேலைக்கு வரத் தைரியமில்லை என்று அவனே ரயிலில் சொல்லிச் சிரிப்பான். மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் தானே சொல்லிவிடுவது அவன் வழக்கம்.

அது இருபத்திரண்டு வயதான சீமைக் கார். பச்சை நிறம், துணிக் கூரை, இரண்டே இருக்கை. சென்னையில் உத்தியோகம் பார்த்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குப் போகும்போது தள்ளிவிட்டுப் போனது. முதல்நாளே அவன் மனைவி வைதேஹி அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஏன்னா, குழந்தைகள் மூணு பேரும் எங்க உக்காருவா? பானட்டு மேலயா?" என்று கேட்டாள். அவன் அதற்குப் பதில் யோசித்து வைத்திருக்கவில்லை. கார் வாங்கும்போது அவன் மனசில் ஓடிய படத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒற்றை ஆள்தான் இருந்தான்.

காரின் ஒரே குறை, அடியில் எண்ணெய் சொட்டியது. நாலைந்து சொட்டுதான். ஆனால் அது பெருமாள் புறப்பாடு வரும் வீதி. அந்த வருஷம், எழுபத்து நான்கில், தை அமாவாசை உற்சவம் நெருங்கியபோது சித்தப்பா எம்பார் வந்து வாசலில் நின்றார். பல்லக்கைத் தோளில் தூக்கி வெறுங்காலோடு நடக்கிறவர்களில் அவரும் ஒருவர்.

"டேய் ராமபத்ரா, உன் எண்ணெய்ல நான் சறுக்கினா பெருமாளும் என்னோட சேர்ந்து விழுவார். அந்தப் பாவத்தை நீயே வெச்சுக்கோ" என்றார்.

அன்றைக்கே ராமபத்ரன் பாயை விரித்துக் காருக்கு அடியில் புகுந்தான். எஞ்சினின் பக்கவாட்டிலிருந்து ஒரு குழாய் இறங்கி, தரையைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டிருந்தது. அந்த வாயில்தான் சொட்டு. அவனுக்கு வெள்ளைக்காரன்மேல் இரக்கமே வந்தது. இவ்வளவு பெரிய எஞ்சினைச் செய்தவன் கடைசியில் ஒரு மூடி போட மறந்துவிட்டானே! வீட்டுக்குள் போய்ப் பழைய மயில்கண் வேஷ்டியில் ஒரு முழம் கிழித்து, திருப்புளியால் குழாய்க்குள் இறுகத் திணித்து, கம்பி போட்டுக் கட்டினான். புறப்பாடு கீழே ஒரு சொட்டு இல்லாமல் நடந்தது. அடுத்த பத்து நாள் ரயிலில் அவன் வேறு எதையும் பேசவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வைதேஹியை உட்காரவைத்துத் திருநின்றவூர் வரை போய்த் திரும்பினான். வந்து நிறுத்தியதும் எஞ்சின் ஐந்து இடத்தில் அழுதது. மேல்மூடி ஓரம், முன்பக்கம், பின்பக்கம், பக்கத்துத் தகடு, அடியில் எண்ணெய்த் தொட்டியின் விளிம்பு. முன்பு சொட்டிய குழாய் மட்டும் காய்ந்து கிடந்தது. தான் செய்த வேலை ஒன்றுதான் உருப்படியாக இருக்கிறது என்று அவனுக்குப் பட்டது.

மில்லில் ஆசீர்வாதம் என்று ஒரு ஃபிட்டர் இருந்தான். வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம், இன்னும் டெம்பரரி. செவ்வாப்பேட்டையில் அதே ரயிலில் ஏறுவான். இரண்டு தகடுகளுக்கு நடுவே எண்ணெய் கசியாமல் கார்க் அட்டையை வெட்டிப் பேக்கிங் போடுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. ராமபத்ரன் கூப்பிட்டதும் மறு ஞாயிறு சர்ச் முடிந்து வந்தான். வெள்ளைச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுக் காருக்கு அடியில் போனவன், அங்கிருந்தே குரல் கொடுத்தான்.

"சார், இந்தப் பைப்பு வாய்ல துணி கீது. எடுத்துடட்டா?"

"அதுல கை வெக்காதே. அது நான் அடைச்சது."

"எஞ்சின் மூச்சு வுட்றதுக்குப் போட்ட பைப்பு மாதிரி கீது சார்."

"எனக்குச் சொல்லித்தராதே ஆசீர்வாதம். அங்க ஒழுகறதா? இல்லையோல்லியோ? ஒழுகற இடத்தைப் பாரு."

ஆசீர்வாதம் ஒழுகுகிற இடத்தைப் பார்த்தான். நாலு ஞாயிறு பார்த்தான். பழைய பேக்கிங்கைச் சுரண்டி எடுத்து, புதிதாக வெட்டி, அரக்குப் பசை தடவி, போல்ட்டுகளை எதிரெதிராகச் சமமாக முடுக்கினான். ஒவ்வொரு முறையும் கார் திருநின்றவூர் போய்வந்து ஐந்து இடத்திலும் அழுதது. மூன்றாவது ஞாயிறு ராமபத்ரன் கைகட்டி நின்றுகொண்டு, "மில்லுலயும் இப்படித்தான் போடறியா?" என்று கேட்டான். கேட்கும்போது பெரிய நகைச்சுவையாகத்தான் தெரிந்தது.

அந்த மாதம் நிரந்தரம் செய்ய வேண்டியவர்களின் படிவங்கள் அவன் மேஜைக்கு வந்தன. சூப்பர்வைசர் அபிப்பிராயம் என்று ஒரு கட்டம். ஆசீர்வாதத்தின் படிவத்தில் ராமபத்ரன் நல்ல இங்கிலீஷில் ஒரு வரி எழுதினான். எண்ணெய்க் கசிவை நிறுத்தும் வேலையில் இவரை நம்ப முடியாது. பழுக்கக் காய்ந்த கம்பி ஓடுகிற மில்லில் எண்ணெய் கசிந்தால் தீ. அந்த வரியைப் படிக்கிற எவரும் ஆசீர்வாதத்தை நிரந்தரம் செய்ய மாட்டார்கள் என்று தெரிந்துதான் எழுதினான். நியாயஸ்தன் என்ற நினைப்பில் அன்று காபி கூட ருசியாக இருந்தது.

ஐந்தாவது ஞாயிறு சர்ச்சில் அறுப்புப் பண்டிகை, ஆசீர்வாதம் வரவில்லை. சரி, நானே பார்க்கிறேன் என்று ராமபத்ரன் எஞ்சினைக் கிளப்பிவிட்டு பானட்டைத் தூக்கிக் குனிந்தான். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பி துள்ளி வெளியே வந்தது. கூடவே சூடான எண்ணெய் அவன் நெற்றியிலும் திருமண்ணிலும் அடித்தது. கம்பியைத் திரும்பச் செருகினான். திரும்பத் துள்ளியது. கண் தெரியாமல், எரிச்சலோடு காருக்கு அடியில் புகுந்தவன் துடைக்க ஒரு துணி தேடினான். குழாய் வாயில் மயில்கண் கரை ஒன்று தொங்கிற்று. கம்பிக்கட்டை முறுக்கி அவிழ்த்து, அதைப் பிடித்து இழுத்தான்.

புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு. இரண்டு மாதமாக அடக்கி வைத்திருந்த மூச்சு அத்தனையும் அவன் முகத்தில்தான் வந்தது. மேலே அளவுக்கம்பி துள்ளவில்லை. எஞ்சினைத் துடைத்துவிட்டுத் திருநின்றவூர் போய்வந்தான். ஆசீர்வாதம் போட்ட பேக்கிங் ஒன்றில்கூட ஈரம் இல்லை. குழாய் வாயில் மட்டும் பழையபடி நாலைந்து சொட்டு. போக்கிடம் இல்லாத காற்று உள்ளே முட்டி எண்ணெயை ஒவ்வொரு சந்து வழியாகவும் தள்ளியிருக்கிறது என்பது அவனுக்கே விளங்கிவிட்டது. மூச்சுவிடப் போட்ட பைப்பு என்று ஆசீர்வாதம் முதல்நாளே சொன்னான். வெள்ளைக்காரன்மேல் இரக்கப்பட்ட மேதையின் காதில்தான் அது ஏறவில்லை.

உடனே போய் உண்மையைச் சொன்னானா என்றால், இல்லை. திங்கட்கிழமை ரயிலில், கார் சரியாகிவிட்டது என்றுதான் சொன்னான். "ஆசீர்வாதத்தாலயே முடியாததை நீங்களே சரி பண்ணிட்டீங்களா சார்?" என்று ஆளாளுக்கு வியந்தார்கள். மறுக்கலாம் என்று வாயைத் திறந்தவன் கொட்டாவி விட்டு மூடிக்கொண்டான். செவ்வாப்பேட்டையில் ஏறிய ஆசீர்வாதமும் கேட்டான்.

"எப்டி சார் நின்னுச்சு?"

"சும்மா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணினேன்."

ஆசீர்வாதம் வேறு பேச்சுக்குப் போனான். "புதன்கெழம லிஸ்ட்டு போவுதாமே சார். பர்மனன்ட் ஆச்சுன்னா எங்கம்மாவ நாத்து நடப் போவாதன்னு சொல்லிடலாம்னு கீறேன். முதுவு நிமிர மாட்டேங்குது அதுக்கு. சொன்னா கேக்காது, காசு வர்றது நிலையா தெரிஞ்சாத்தான் கேக்கும்."

அன்றும் மறுநாள் காலையும் ராமபத்ரன் தனக்குள் எத்தனையோ சமாதானம் சொல்லிப் பார்த்தான். செவ்வாய் மதியம் எண்ணெய்த் துணியைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு மானேஜர் ஜெயராஜ் அறைக்குப் போனான். மேஜைமேல் பிரித்து வைத்துவிட்டு, நடந்தது முழுவதையும் ஒரே மூச்சில் சொன்னான்.

ஜெயராஜ் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் மாறிவிட்டது. "கையெழுத்துப் போட்ட ரிமார்க்கைச் சும்மா அடிக்க முடியாது மிஸ்டர் ராமபத்ரன். காரணத்தை உங்க கையாலேயே எழுதிக் குடுங்க. ஃபைல்ல இருக்கட்டும்."

எழுதினான். எஞ்சினின் மூச்சுக்குழாயில் என் வேஷ்டியை நானே திணித்து அடைத்தேன். மேற்படி ஃபிட்டர் அதை முதல்நாளே சுட்டிக்காட்டினார். நான் கேட்கவில்லை. அவர் போட்ட பேக்கிங்கில் குறை எதுவும் இல்லை. அதை ஃபைலுக்கு நகல் எடுத்த ஆபீஸ் டைப்பிஸ்ட் விக்டோரியா வாயைப் பொத்திக்கொண்டு இரண்டு முறை எழுந்து வெளியே போனாள். சாயங்கால ஷிப்டு மாறுவதற்குள் செய்தி மில் முழுக்கப் பரவிவிட்டது. கேட்டில் வாட்ச்மேன் அவன் கட்டியிருப்பது வேஷ்டியா பேண்டா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் சலாம் வைத்தான்.

வெள்ளிக்கிழமை லிஸ்ட் ஒட்டினார்கள். ஆசீர்வாதத்தின் பெயர் இருந்தது. மாலை ரயிலில் அவன் பெட்டி முழுக்க மைசூர்பாகு கொடுத்துக்கொண்டு வந்தான். வந்து நன்றி சொன்னால் என்ன பதில் சொல்வது என்று ராமபத்ரன் பேசின் பிரிட்ஜிலிருந்தே தயார் செய்துகொண்டிருந்தான். எல்லாம் உன் திறமைதானப்பா என்று பெருந்தன்மையாக ஒரு வரி. ஆசீர்வாதம் வந்தான், ஒரு துண்டு நீட்டினான், அடுத்த ஆளிடம் நகர்ந்தான்.

"ஆசீர்வாதம்" என்று ராமபத்ரன் கூப்பிட்டான். "சந்தோஷம்தானே?"

"சந்தோஷம் சார்."

"நான் மானேஜர்கிட்ட..."

"கேள்விப்பட்டேன் சார். நீங்க புடுங்கினத நீங்களே திருப்பிக் குடுத்தீங்க. அதுக்கு நான் இன்னான்னு சொல்றது?"

ராமபத்ரன் கையில் மைசூர்பாகு உதிர்ந்துகொண்டிருந்தது. எழுந்து நின்று, எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னான்.

"தப்பு என்னோடதுதான். என்னை மன்னிச்சுடு."

ஆசீர்வாதம் மிட்டாய்ப் பெட்டியை மூடினான். குரலில் கோபம் இல்லை.

"பைப்பு அடைச்சது ஒண்ணும் இல்ல சார், தெரியாம செஞ்சது. திங்கக்கெழம எப்டி நின்னுச்சுன்னு கேட்டேன் பாருங்க, அப்ப சொல்லியிருக்கலாம்."

செவ்வாப்பேட்டை வந்தது. அவன் இறங்கிப் போனான்.