நாலு கம்பிக்கு என்ன விலை

மருமகளுக்கு வாய் கிடையாது, மாமியாருக்கு வாய்க்குக் கதவு கிடையாது என்று அந்த அடுக்குமாடியில் சொல்வார்கள். இரண்டும் உண்மைதான். மாமியார் இருபத்தாறு வருஷம் ஒரு ஆஸ்பத்திரி வாசலில் டோக்கன் கொடுத்தவள். வரிசையின் கடைசியில் நிற்கிற ஆளுக்கு என்ன வியாதி என்பதை வரிசை முழுக்கக் கேட்கும்படி விசாரித்துப் பழகிய குரல், ஓய்வு பெற்ற பிறகும் ஓயவில்லை. மருமகள் ரொட்டிக் கம்பெனியில் விடியற்காலை ஷிப்டு. ஓடுகிற மெஷின்களுக்கு நடுவில் அவள் பேசினாலும் யாருக்கும் கேட்காது. கேட்காத இடத்தில் எதற்குப் பேச வேண்டும் என்று விட்டவள், கேட்கிற இடத்திலும் விட்டுவிட்டாள்.

அப்படிப்பட்டவள் ஒரு பேண்டில் இருக்கிறாள் என்றால் நம்ப மாட்டீர்கள். பேஸ் கிட்டார் வாசிக்கிறாள் என்றால் கொஞ்சம் நம்பலாம். மேடையில் பேஸ் வாசிக்கிறவரை யாரும் பார்ப்பதில்லை. நிறுத்தினால்தான், என்னவோ குறைகிறதே என்று தேடுவார்கள்.

பேண்டில் மொத்தம் நாலு பேர். பாடுகிறவள் ஒரு பல் டாக்டரிடம் வேலை பார்க்கும் அக்கா. அவளுக்கு ரெகே என்றால் உயிர்; முதல் தட்டைக் காலியாக விட்டுவிட்டு அசைந்து வரும் ஜமைக்கா பாட்டு. கிட்டார் அவளுடைய தம்பி, லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். அவனுக்கு ராக் தவிர மற்றதெல்லாம் தாலாட்டு. ஒரே வயிற்றில் பிறந்தும் ஒரு பாட்டில் ஒத்துப்போகாத இரண்டு பேர். அதனால் பாதி ரெகே, பாதி ராக் என்று ஒரு சமாதானம். டிரம்ஸ் வாசிக்கும் குண்டண்ணன் பள்ளி வேன் ஓட்டுகிறவர். இரண்டு பக்கமும் தலையாட்டி நிம்மதியாக இருப்பவர்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ரொட்டி வெட்டும் மெஷினில் மருமகளின் இடது கைச் சுண்டுவிரல் சிக்கியது. தையல் போட்டார்கள், பிரித்தார்கள். காயம் ஆறிவிட்டது. ஆனால் நடுக் கணு மடங்கவில்லை. யாரையோ குற்றம் சொல்வது போல அது நீட்டிக்கொண்டே நின்றது. மடங்கினாலும் மடங்கும், மடங்காவிட்டாலும் மடங்காது என்று டாக்டர் சொன்னார். அதைச் சொல்ல டாக்டர் எதற்கு?

பேண்டில் கேட்டபோது, "ஆறிடுச்சு" என்றாள். அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. உண்மையைச் சொன்னால் மூன்று பேரும் பாவம் பார்ப்பார்கள், "நீ நல்லா ரெஸ்ட் எடு" என்பார்கள், அப்புறம் மெதுவாக வேறு ஆளைத் தேடுவார்கள். வாரத்தில் பயிற்சிக்குப் போகிற அந்த இரண்டு சாயங்காலம் போய்விட்டால் அவளுக்கு மிச்சம் இருப்பது ரொட்டிதான்.

அந்த நேரம் பார்த்து, அவள் ஆறு வருஷமாக இரவல் வாங்கி வாசித்துவந்த பேஸ் கிட்டாரை அதன் சொந்தக்காரர் திருப்பிக் கேட்டார். வேறு ஊருக்குக் குடிபோகிறாராம். நூலக ஆண்டு விழாவில் வாசிக்க ஒரு வாரம்தான் இருந்தது. லாரி ஓட்டிக்கொண்டு வெளியூர் போயிருந்த கணவன், "விரலுக்குன்னு கம்பெனி குடுத்த பணம் இருக்குல்ல, அதுல சொந்தமா ஒண்ணு வாங்கிக்கோ" என்று போனில் சொன்னான். அவனுக்கும் அவள் விரல் மடங்காத கதையைச் சொல்லியிருக்கவில்லை.

கடைக்குக் கிளம்பும்போது மாமியார் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நீங்க எதுக்கு அத்தை? படி ஏறணும்."

"உனக்குப் பேரம் பேசத் தெரியுமா? கேட்டதைக் குடுத்துட்டு தேங்க்ஸ் வேற சொல்லிட்டு வருவ. நட."

கடை ஒரு கண்ணாடிக் கடைக்கு மேலே இருந்தது. படி ஏறினால் வார்னிஷ் வாசனை. சுவர் முழுக்கக் கிட்டார்கள் கழுத்தைக் கொடுத்துத் தொங்கின. கவுண்டருக்குப் பின்னால், மருமகள் வயதுதான் இருக்கும், ஒரு பெண் உதட்டில் ஒரு கம்பியைக் கவ்விக்கொண்டு இன்னொரு கம்பியை மாட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னல் பக்கம் ஒருவர் மவுத் ஆர்கனை ஒவ்வொன்றாக ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மருமகள் போனை நீட்டினாள். லிஃப்ட்காரன் அனுப்பிய படம். கறுப்பு உடம்பு, நீளக் கழுத்து. 'ராக்குக்கு இதுதான். வேற எதையும் கண்ணால்கூடப் பார்க்காதே' என்று கீழே எழுதியிருந்தான்.

கடைக்காரப் பெண் அதையே எடுத்துவந்து வைத்தாள். மாமியார் சுற்றிவந்து பார்த்தாள். சுவரில் இருந்ததைப் பார்த்தாள். மறுபடி இதைப் பார்த்தாள். விரல் விட்டு எண்ணினாள்.

"ஏம்மா, அதுலெல்லாம் ஆறு கம்பி இருக்கு. இதுல நாலுதான் இருக்கு. மிச்சம் ரெண்டு எங்க?"

"பேஸ்ல நாலுதாம்மா."

"அப்ப விலையில மூணுல ஒரு பங்கைக் கழிக்கணுமே."

"அம்மா, கம்பி ஒவ்வொண்ணும் எவ்வளவு தடிமன் பாருங்க."

"தடிமனா இருந்தா? எடை போட்டா விக்கிறீங்க?"

கடைக்காரப் பெண் சிரித்த சிரிப்பில் உதட்டிலிருந்த கம்பி தெறித்துக் கீழே விழுந்தது. மருமகள் அதைத் தேடுகிற சாக்கில் கொஞ்ச நேரம் கவுண்டருக்குக் கீழேயே குனிந்திருந்தாள்.

பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து கறுப்பு பேஸை மடியில் வைத்தாள். என்ன கம்பீரம்! ஒரு கம்பியைத் தொட்டால் முழங்கால் வரை அதிர்ந்தது. லிஃப்ட்காரனின் ராக் பாட்டை எடுத்தாள். கழுத்தில் குறுக்குக் கம்பிகள் பிரித்துவைத்த கட்டங்கள் தலைப்பக்கத்தில் அகலமாக இருக்கும். ஆள்காட்டி விரல் ஒரு கட்டத்தில் இருக்க, சுண்டுவிரல் மூன்று கட்டம் தள்ளி எட்டிப் பிடிக்க வேண்டிய இடம் வந்தது. சுண்டுவிரல் வானத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. மோதிர விரல் நீண்டு நீண்டு பார்த்தது, எட்டவில்லை. அவள் அந்தச் சுரத்தை விழுங்கிவிட்டு அடுத்ததற்குத் தாவினாள்.

"சூப்பரா வாசிக்கிறீங்க" என்றாள் கடைக்காரப் பெண். அந்தப் பாட்டு அவளுக்குத் தெரியாது.

"இதையே எடுத்துக்கறேன்" என்றாள் மருமகள். லிஃப்ட்காரன் கிட்டாரை அலறவிடும்போது ஒரு சுரம் போனது யாருக்குக் கேட்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"நில்லு" என்றாள் மாமியார். "நாலாவது டொம் எங்க?"

"என்ன அத்தை?"

"டொம், டொம், டொடொம், மேல ஒரு டொம், அப்புறம்தானே கீழ இறங்கும்? மேல போற டொம்மைக் காணோமே."

மருமகளுக்கு வாய் திறந்தபடி நின்றது. கல்யாணம் ஆகி வந்த வீட்டில், ஆறு வருஷமாக அந்தச் சத்தத்தைத் திட்டிக்கொண்டிருந்த மாமியார், கடை நடுவில் நின்று பாட்டின் பேஸ் பகுதியை வாயாலேயே வாசித்துக் காட்டினாள். தாளம் ஒரு முடிகூடத் தப்பவில்லை. மவுத் ஆர்கன்காரர் ஊதுவதை நிறுத்திவிட்டார்.

"என்ன பாக்குற? தினம் மத்தியானம் மூணு மணிக்கு நான் படுத்த உடனே ஆரம்பிப்ப. தூங்க விட்டியா? எனக்குத் தெரியாத டொம்மா? கட்டுப் பிரிச்சதுலேர்ந்து ஒண்ணு குறையுது. கேட்டா ஆறிடுச்சுங்கற. சரி, அவளே சொல்லட்டும்னு இருந்தேன். நீயா சொல்லுவ? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறவளாச்சே."

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கவுண்டர் பக்கம் திரும்பி, பழைய டோக்கன் குரலை எடுத்தாள்.

"இங்க பாரு பொண்ணு. இவளுக்கு இடது கைச் சுண்டுவிரல் மடங்காது. ரொட்டி மெஷின்ல போச்சு. மூணு விரலுக்குத் தோதா ஏதாவது இருந்தா எடு. இல்லைன்னா இல்லைன்னு சொல்லு, நாங்க போய்க்கிட்டே இருக்கோம்."

கீழே கண்ணாடிக் கடைக்கும் கேட்டிருக்கும். மருமகளுக்குக் காது மடல் எரிந்தது. இரண்டு மாதம் மறைத்துவைத்த கை, எல்லோர் கண்ணுக்கும் நடுவில் வந்து நின்றது.

கடைக்காரப் பெண் "ஐயோ" என்று சொல்லவில்லை. "பாவம்" என்றும் சொல்லவில்லை. செருப்புக் கடையில் காலைக் கேட்பது போல, "காட்டுங்க" என்றாள். கையைத் திருப்பிப் பார்த்தாள், மற்ற மூன்று விரலையும் விரிக்கச் சொன்னாள், கட்டைவிரலால் அளந்தாள். "என்ன வாசிப்பீங்க?"

"ரெகே. ராக்கும்."

"ரெண்டுமா? சரிதான்." கீழ் அடுக்கிலிருந்து செங்கல் நிறத்தில் ஒன்றை இழுத்தாள். "இது கழுத்து நாலு அங்குலம் குட்டை. கட்டம் எல்லாம் நெருங்கி இருக்கும். குழந்தைங்க பேஸ்னு கிண்டல் பண்ணுவாங்க. பண்ணட்டும்."

மருமகள் அதை மடியில் வைத்தாள். கறுப்பின் கம்பீரம் இதற்கு இல்லை. மறுபடி அதே பாட்டு. அந்த இடம் வந்தது. மோதிர விரல் நீண்டது, கம்பியைத் தொட்டது, அழுத்தியது.

"ம், வந்துடுச்சு" என்றாள் மாமியார்.

வந்துவிட்டதுதான். இரண்டு மாதமாக விழுங்கிய சுரம் முழுசாக வெளியே வந்து கடைச் சுவரில் மோதியது. மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். கண் கலங்கியதை யாரும் பார்க்க வேண்டாம் என்று அதையே நாலு தடவை வாசித்தாள்.

கடைக்காரப் பெண்ணுக்கு இப்போது உற்சாகம் பிடித்துக்கொண்டது. டோன் குமிழை மூடித் திருப்பினாள். பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சில் ஒரு கீற்று வெட்டி, கம்பிகள் முடிகிற இடத்தில் அடியில் செருகினாள். "இப்ப ரெகே வாசிங்க." சத்தம் உருண்டு திரண்டு, நீளாமல் பொத்தென்று விழுந்தது. மெத்தையில் குதிக்கிற பிள்ளை மாதிரி. "ராக்குக்கு ஸ்பாஞ்சை உருவிடுங்க, குமிழை முழுக்கத் திறங்க, விரலுக்குப் பதிலா இந்தப் பிளாஸ்டிக் பிக் வெச்சு அடிங்க. ஒண்ணு சொல்லிடறேன், கீழ் கம்பி கொஞ்சம் தொளதொளன்னு ஆடும். தடிச்ச கம்பி மாட்டித் தரேன். அப்பவும் கறுப்பு அளவுக்கு உறுமாது."

உறுமாவிட்டால் போகட்டும் என்று இருந்தது அவளுக்கு. ஆனால் ஒரு இடம் பாக்கி. ராக் பாட்டின் நடுவில் மேலேறி ஓடுகிற ஒரு வேக ஓட்டம். நாலு விரலும் வேண்டும். இந்தக் குட்டைக் கழுத்திலும் அது வரவில்லை. மூன்று தடவை முயன்றுவிட்டு நிறுத்தினாள். மாமியார் அதற்குள் பேரத்தில் இறங்கியிருந்தாள்.

"கம்பியிலதான் கழிக்க மாட்டேங்கற, பையாவது குடு. தோள் பட்டையும் குடு. அந்த ஸ்பாஞ்சுல மிச்சத்தையும் குடு."

பஸ்ஸில் இடம் கிடைத்தது. பை இரண்டு பேர் மடியிலும் படுத்துக்கொண்டது.

"கோவமா?" என்றாள் மாமியார், ஜன்னலைப் பார்த்தபடி. "எல்லார் முன்னாடியும் போட்டு உடைச்சுட்டேன்னு."

"இல்ல அத்தை."

"இருந்தா இருக்கட்டும். சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, மூலத்துக்கு டோக்கன் வாங்க வந்தவன் கண் டாக்டர் வரிசைல போய் நின்னதை நான் பாத்திருக்கேன். அரை நாள் நின்னான். கண்ணு நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்து அனுப்பிட்டாங்க."

மருமகள் சிரித்துவிட்டாள். சிரிப்போடு ஏதாவது சொல்லிவிட வேண்டும் என்று தேடினாள். நன்றி என்பது மேடையில் மைக்குக்குப் பின்னால் நின்று சொல்கிற சொல். தேங்க்ஸ் கடையில் சொல்வது. வீட்டு மனுஷிக்குச் சொல்ல ஒரு சொல் வேண்டுமே, அது அவளுக்குக் கிடைக்கவில்லை. தூக்கத்தைக் கெடுத்த சத்தத்தை இந்த மனுஷி எண்ணி எண்ணிக் கேட்டிருக்கிறாள். ஒன்று குறைந்தது என்று அவளுக்குத்தான் தெரிந்திருக்கிறது. கடைசியில், "கால் வலிக்குதா அத்தை?" என்று கேட்டாள்.

"வலிக்காம? எத்தனை படி!" என்றாள் மாமியார், சந்தோஷமாக.

மறுநாள் சாயங்காலம் குண்டண்ணனின் வேன் ஷெட்டில் பயிற்சி. பையைத் திறந்ததும் லிஃப்ட்காரன் குனிந்து பார்த்தான்.

"என்ன இது? கறுப்பு எங்க? இது எல்.கே.ஜி பிள்ளைங்க தூக்கிட்டுப் போறதுல்ல?"

அவள் எப்போதும் போலச் சிரித்து மழுப்பியிருக்கலாம். ஆனால் இடது கையை நீட்டினாள்.

"என் சுண்டுவிரல் மடங்காது. இனிமே மடங்குமான்னும் தெரியாது. உன் பாட்டுல நடுவுல வர்ற ஓட்டத்தை என்னால வாசிக்க முடியாது. மத்தது எல்லாம் முடியும். வேற ஆள் பாக்கணும்னா இப்பவே சொல்லிடுங்க."

அந்த ஷெட்டில் ஆறு வருஷத்தில் அவள் பேசியதை எல்லாம் கூட்டினாலும் இவ்வளவு நீளம் வராது. அக்கா மைக்கைக் கீழே வைத்தாள். குண்டண்ணன் எழுந்து வந்து விரலைப் பார்த்தார். லிஃப்ட்காரன் முகம் சிவந்தது.

"ரெண்டு மாசமாவா? நான் வேற வேகமா வாசி, வேகமா வாசின்னு உன் உசுரை வாங்கிட்டு இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"வேற ஆளாம்" என்றாள் அக்கா. "இவனோட அலறலுக்கு நடுவுல என்னைச் சுருதில நிறுத்துறதே நீதான்டி. போறேன்னு சொன்னா காலை உடைப்பேன்."

"விரலோட காலுமா?" என்றார் குண்டண்ணன். "அப்புறம் பெடல் எதை வெச்சு மிதிப்பா?"

"இவ எங்கண்ணே பெடல் மிதிக்கிறா? அது நீங்க."

லிஃப்ட்காரன் இதையெல்லாம் கேட்கவில்லை. கிட்டாரை மாட்டிக்கொண்டு ஏதோ தேடிக்கொண்டிருந்தான். "அந்த ஓட்டத்தை நான் எடுத்துக்கறேன். நீ கீழ ஒரே சுரத்தைப் பிடிச்சுக்கோ, விடாதே. லிஃப்ட் மேல போகணும்னா எதிர்ப்பக்கம் எடைக்கல் ஒண்ணு கீழ இறங்கணும். அது இல்லைன்னா எந்த மோட்டாரும் திணறும்."

முதல் தடவை அவன் முந்திவிட்டான். இரண்டாவது தடவை குண்டண்ணன் குச்சியைத் தவறவிட்டார். மூன்றாவதில் சேர்ந்தது. அவள் பிக்கால் ஒரே கம்பியை அடித்துக்கொண்டு நிற்க, அவன் அதன் மேல் மாடி மாடியாக ஏறினான். தொளதொளத்த கம்பிதான், உறுமாத கம்பிதான். ஆனாலும் ஷெட்டின் தகரம் அதிர்ந்தது. எவ்வளவு பேர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் தன்னை என்று நினைத்துக்கொண்டே அவள் இன்னும் ஓங்கி அடித்தாள்.

"போதும்டா உன் கட்டடம்" என்றாள் அக்கா. "இப்ப என் பாட்டு."

மருமகள் குமிழை மூடினாள், ஸ்பாஞ்சைச் செருகினாள். குண்டண்ணன் குச்சியை நாலு முறை தட்டினார். பாட்டின் முதல் தட்டை, ரெகே கேட்கிறபடி, அவள் சும்மா விட்டாள். இரண்டாவதில் இறங்கினாள்.