கறை இல்லாத பனியன்

குழாயடியில் துணி கும்மிக்கொண்டிருந்த ஜெயலட்சுமி, கணவனின் பனியனைப் பிரித்து வெயிலில் பிடித்துப் பார்த்தாள். புதுசு போல வெள்ளை வெளேரென்று இருந்தது. அக்குள் பக்கத்தையும் திருப்பிப் பார்த்தாள். அங்கேயும் கறை இல்லை.

சங்கராந்தி முடிந்த கையோடு பச்சைமுத்து மூச்சு வாங்கிப் படுக்க முடியாமல் கிடந்தான். இதயத்தைச் சுற்றியிருக்கும் உறையில் டி.பி. வந்து நீர் கோத்திருக்கிறது என்றார் பாமா டாக்டர். ஊசி வைத்து நீரை இறக்கினார்கள். "ஆறு மாசம் மாத்திரை. நடுவுல விட்டா உறை தடிச்சுப்போய் இதயத்தை நெரிக்கும். குழந்தையையும் கூட்டிட்டு வாங்க, பாத்துடலாம்" என்றார். மாத்திரை தொடங்கியதிலிருந்து அவன் வியர்வைகூட ஆரஞ்சாக இறங்கியது. எந்த சோப்புக்கும் போகாத கறை. புதுப் பனியனிலும் மறுநாளே ஏறிவிடும். இப்போது இல்லை.

மர்பி டவுனின் அந்த ஒற்றை அறைக்குள் அவள் சாயங்காலம்வரை உட்காரவே இல்லை. அடுப்பை மூட்டினாள், அணைத்தாள். வாசலுக்குப் போனாள், வந்தாள்.

பீன்யா லேத் பட்டறையிலிருந்து அவன் வந்து செருப்பைக் கழற்றியதும் கேட்டாள்: "மாத்திரைய நிறுத்திட்டீங்களா?"

"யார் சொன்னது?"

"உங்க பனியன்தான்."

பச்சைமுத்து சுவரைப் பார்த்தான். "உடம்புதான் தேறிடுச்சே. காலை ஷிப்டுல மாத்திரை போடறத லேத்துக்காரனுங்க பாத்துட்டானுங்க. நான் போனா நகந்து உக்கார்றானுங்க ஜெயா. டீ டம்ளரைத் தனியா வெச்சிட்டானுங்க."

திட்ட வாயெடுத்தவளின் கண் அவன் வீங்கிய பாதத்தில் விழுந்தது. செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாகவே இருந்தது. குனிந்து கட்டைவிரலால் அழுத்தினாள். அந்தக் குழியும் மேலே வரவில்லை.

மறுநாள் அவனையும் மகள் வைஷ்ணவியையும் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினாள். குழந்தைக்கு நோய் இல்லை. ஆனாலும் வராமலிருக்க அவளுக்கும் மாத்திரை கொடுத்தார்கள். அவனுக்கு முதலிலிருந்து மருந்து தொடங்கியது. வாரங்கள் போயும் கால் வீக்கம் வடியவில்லை, வயிறும் உப்பியது. தடித்த உறையை அறுத்து எடுப்பதைத் தவிர வழியில்லை என்றார் பாமா டாக்டர்.

ஆபரேஷன் அன்று ஜெயலட்சுமி வராந்தாவில் நடந்துகொண்டேயிருந்தாள். வாங்கிய டீயை எங்கே வைத்தாள் என்பதே மறந்துபோனது. கதவு திறக்கும்போதெல்லாம் ஓடினாள். யார் யாரையோ வெளியே கொண்டு வந்தார்கள். கடைசியில் ஒரு நர்ஸ் வந்து, கன்னடமும் தமிழுமாக, "சென்னாகிதாரம்மா, நல்லா இருக்காரு" என்றாள். அப்போதும் அவளுக்கு உட்காரத் தோன்றவில்லை.

நாலைந்து நாள் கழித்து வார்டில், "பசிக்குது, ஏதாச்சும் குடு" என்றான் பச்சைமுத்து. அவ்வளவுதான். இத்தனை மாதம் அடக்கி வைத்ததையெல்லாம் கொட்டி, பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து பார்க்க, அவனை வாய் நிறையத் திட்டினாள். திட்டிக்கொண்டே இட்லியைப் பிட்டு ஊட்டினாள். அவன் ஒவ்வொரு வாயாக வாங்கிக்கொண்டான்.