கடைசி சைஸ்

"இதுக்கப்புறம் என்ன பண்ணுவீங்க பாப்பா?"

லேத் பட்டறை கமலக்கண்ணன் கேட்ட கேள்வி அது. வண்டி எஞ்சினின் பிளாக்கை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, அதன் ஓட்டைக்குள் பார்த்துக்கொண்டே கேட்டார். யுவஸ்ரீக்கு யார் எதைக் கேட்டாலும் சட்டென்று பதில் வராது. பிளஸ் ஒன் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றபோது, ஏன் நின்றாய் என்று கேட்ட டீச்சருக்கும் அவள் பதில் சொல்லவில்லை. துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

"ஏற்கெனவே உள்ளாற லைனர் மாத்தியாச்சு. பிஸ்டன் ஓடற ஓட்டைய எத்தனையோ வாட்டி கடைஞ்சு, போர் போட்டுப் பெருசு பண்ணியாச்சு. இப்ப போடறதுதான் கடைசி சைஸு. இன்னும் செதுக்கினா சுவரு தாங்காது. இதவிடப் பெரிய பிஸ்டனும் கெடைக்காது. பழைய இரும்புக்குப் போட்டுட்டு வேற சோலியப் பாக்கச் சொல்லு உங்கண்ணன."

"ஞாயித்துக்கெழம ஒருநாளு ஓடினா போதும்ணா" என்றாள். பட்டறைச் சத்தத்தில் அது அவர் காதில் விழுந்ததோ என்னவோ. தலையை ஆட்டிக்கொண்டே பிளாக்கை மெஷினில் ஏற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை தொரப்பள்ளிப் பக்கம் மண் ரேஸ். பெங்களூர் டீம் ஒன்றின் மேனேஜர் விஜயகுமார் அதற்கு வருகிறார். அவளுடைய அண்ணன் மதுரைவீரனை அவர் முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறார். ஓட்டுகிறவனிடம் குறை இல்லை, வண்டிதான் நடுவில் நின்றுவிடுகிறது என்று சொல்லியிருந்தார். "ஜெயிக்கவே வேணாம் தம்பி. ஒரு ரேஸாவது நிக்காம முடிச்சுக் காட்டு. அப்புறம் உன் கதைய நான் பாத்துக்கறேன்."

மதுரைவீரன் பைக் செய்யும் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள். இந்த மாதத்தோடு அதுவும் முடிகிறது. டீமில் எடுத்துக்கொண்டால் சம்பளம் உண்டு, ஓட்ட வண்டி உண்டு. "மெக்கானிக் யாருடான்னு கேட்டா எந்தங்கச்சின்னு சொல்லுவேன். நீயும் வந்துடு" என்று அவன் சொல்லி வைத்திருந்தான். யுவஸ்ரீ அதை முழுதாக நம்பவில்லை. நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. அவன் இல்லையென்றால் அவளுக்கு மிச்சம் இருந்தது ஹாஸ்டலில் தங்கவைத்துப் பெண்களை வேலைக்குச் சேர்க்கும் ஒரு பெரிய கம்பெனிதான்.

ஜூஜுவாடியில் அவர்கள் குடியிருந்த லைன் வீட்டின் பின்பக்கச் சந்தில், சுவரை ஒட்டி வண்டி நின்றது. மண்ணில் ஓட்டுவதற்காக மட்கார்டையும் விளக்கையும் கழற்றி, பெரிய பல் வைத்த டயர் மாட்டிய பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி. அந்த வாரம் அண்ணனுக்கு மத்தியான ஷிஃப்ட். போகும்வரை அவன் வேலை செய்வான். போன பிறகு விட்ட இடத்திலிருந்து அவள் செய்வாள். எது முடிந்தது, எது முடியவில்லை என்று தெரிய வேண்டுமே. அதற்குத்தான் மஞ்சள் புள்ளி.

அது கம்பெனி வழக்கம். வண்டி பூட்டும் லைனில் ஒரு போல்ட்டை முறுக்கி முடித்தால் அதன் தலையில் மஞ்சள் பெயிண்ட் பேனாவால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். புள்ளி இருந்தால் அடுத்தவன் அதைத் தொட வேண்டியதில்லை. பாதி தீர்ந்துபோய்க் கிடந்த ஒரு பேனாவை அண்ணன் வீட்டுக்கு எடுத்து வந்திருந்தான்.

"எனக்கு வர்ற மருமக நெத்தியிலயும் வெச்சிடாதடா" என்றாள் அம்மா சரசம்மா. ரோஜாத் தோட்டத்தில் பூப் பிரிக்கிற வேலை அவளுக்கு. கையெல்லாம் முள் கீறிய கோடுகள்.

"வெச்சாத்தாம்மா நல்லது. எவனும் தொடமாட்டான்."

"த்தூ. ஏண்டா, எல்லாத்தையும் முறுக்கிட்டுதான் புள்ளி வெப்பீங்களா?"

அண்ணன் சிரித்தான். "சைரன் ஊதற நேரமானா மொதல்ல வரிசையா புள்ளிய வெச்சுகினு போயிடுவோம். அப்புறம் ஓடியாந்து முறுக்குவோம். கை அப்பிடிப் பழகிடுச்சு."

"அடப் பாவிங்களா! அதுல ஏறிகினுதான் ஊரு ஒலகமே போவுதா?"

யுவஸ்ரீயும் அன்று வாய்விட்டுச் சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை, போர் போட்டு வந்த பிளாக்கை அவள் சோப்புத் தண்ணீரில் கழுவினாள். வெள்ளைத் துணியால் உள்சுவரைத் துடைத்தால் துணி கறுத்தது. மறுபடி கழுவினாள். துணி வெள்ளையாகவே வெளியே வரும்வரை விடவில்லை. பின்பக்கம் அண்ணன் புதுப் பிஸ்டனை மாட்டிக்கொண்டிருந்தான். பிஸ்டனைத் தாங்குவது 'பின்' என்கிற ஒரு சின்ன இரும்புக் குழல். அது பக்கவாட்டில் நகராமலிருக்க இரண்டு பக்கமும் ஒவ்வொரு கம்பி வளையம் உட்கார வேண்டும். லாக் என்பார்கள். நகத்தளவுதான் இருக்கும்.

கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்துவிட்டது. அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டே ஓடினான்.

அவள் வந்து பார்த்தபோது, இரண்டு லாக்குக்கும் அடையாளமாகப் பிஸ்டன் தலையில் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று இரண்டு மஞ்சள் புள்ளிகள் இருந்தன. இடப்பக்க லாக் பளபளவென்று தெரிந்தது. வலப்பக்கம் சுவரோரம். குனிந்தாலும் தெரியாது, கையை நுழைத்து விரலால் தடவித்தான் பார்க்க வேண்டும். புள்ளி இருந்தது. அவள் தடவவில்லை. ரிங்குகளை விரலால் அழுத்திப் பிடித்து பிளாக்கை மெல்ல இறக்கினாள். வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஹெட்டையும் மூடி, நட்டுகளைக் குறுக்குமறுக்காக முறுக்கி, ஒவ்வொன்றின் மேலும் தன் பங்குக்குப் புள்ளி வைத்தாள்.

சனிக்கிழமை காலை பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றி அண்ணன் உதைத்தான். சில உதைகளில் வண்டி பிடித்துக்கொண்டது. சந்து முழுக்க நீலப் புகை.

"ஏய், கொசு மருந்து வண்டி வந்துடுச்சு, எல்லாரும் கதவ மூடுங்க!" என்று பக்கத்து வீட்டுச் சென்னப்பன் கத்தினார்.

"ஒங்க வீட்டுக்குத்தாண்ணா மொதல்ல அடிக்கணும்" என்று அண்ணன் பதிலுக்குக் கத்தினான்.

சூடாக விட்டு, ஆற விட்டு, மறுபடி சூடாக விட்டு, பின்னாலிருந்த காலி நிலத்துக்கு ஓட்டிப் போனான். கம்பெனி வருகிறது என்று யாரோ வேலி போட்டு அப்படியே விட்ட நிலம். மெதுவாகச் சுற்றினான். புது ரிங் சுவரோடு பழக வேண்டும், விரட்டக்கூடாது. வேலியோரம் நின்ற தங்கச்சியைக் கடக்கும்போது, "சவுண்டு கேட்டியா புள்ள?" என்றான். கேட்டது. சீராக, ஒரே சுருதியில் கேட்டது. கமலக்கண்ணனின் கேள்விக்குப் பதில் ஒன்று அப்போது அவள் மனசில் வந்தது. பெங்களூருக்குப் போவோம்ணா.

அடுத்த சுற்றில் அந்தச் சீரில் ஒரு கிறீச்சல் கலந்தது. அண்ணனுக்கு முன்னால் அவளுக்குக் கேட்டுவிட்டது. கையை ஆட்டினாள். அவன் கிளட்சைப் பிடிப்பதற்குள் பின்சக்கரம் மண்ணில் கோடு இழுத்து நின்றது.

தள்ளிக்கொண்டு வந்தார்கள். சூடு ஆறும்வரைகூட அவன் காத்திருக்கவில்லை. ஹெட்டைக் கழற்றி, பிளாக்கைத் தட்டித் தட்டி உருவினான். அவள் கழுவித் துடைத்த சுவரின் வலப்பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு பள்ளம் உழுதிருந்தது. நகத்தை வைத்தால் நகம் மாட்டிக்கொண்டது. பிஸ்டனைத் தாங்கும் குழல் வலப்பக்கமாக வெளியே வந்து நின்றது.

அண்ணன் குழலை உள்ளே தள்ளிவிட்டு, வலப்பக்க ஓட்டையில் விரலை விட்டுத் தடவினான். லாக் இல்லை. உடைந்து கீழே விழுந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தான். ஒரு துண்டும் இல்லை. பிறகு பிஸ்டன் வந்த அட்டைப்பெட்டியை எடுத்துக் கவிழ்த்தான். எண்ணெய்த்தாளுக்குள்ளிருந்து அந்தக் கம்பி வளையம் அவன் உள்ளங்கையில் விழுந்தது. வளையாதது, புதுசு.

பிஸ்டன் தலையில் புள்ளிகள் கருகிப் பழுப்பாகியிருந்தன. இரண்டும் ஒரே மாதிரி.

'பாக்க மாட்டியாடி' என்று அவன் கத்துவான் என்று காத்திருந்தாள். கத்தினால் தேவலை என்றிருந்தது. புள்ளி இருந்திச்சே என்ற பதில் அவளிடம் தயாராக இருந்தது. சொல்லியிருக்கலாம். வளையத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அவன் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டாள்.

"நான் விரல விட்டுப் பாத்திருக்கணும்ணா."

அவன் வளையத்தை உள்ளங்கையில் புரட்டினான்.

"கமலக்கண்ணண்ணாகிட்ட கேக்கட்டா? பழைய பிளாக்கு ஏதாச்சும் கெடந்தா..."

சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்தது. அப்படி ஒன்று கிடந்திருந்தால் கடைசி சைஸ் வரை அவர்கள் வந்திருக்கவே வேண்டாம்.

"தம்பி, நாளைக்கு நாங்களும் ரேஸு பாக்க வரட்டுமா?" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சென்னப்பன் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் ரேடியோவைச் சத்தமாக வைத்தார்.

அண்ணன் எழுந்து, சோப்புத்தூள் போட்டுக் கையைத் தேய்த்தான். கறை போன பிறகும் தேய்த்துக்கொண்டே இருந்தான். உள்ளே போய்க் கம்பெனிச் சட்டையைப் போட்டு, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தான். யுவஸ்ரீ சோற்று டப்பாவை நீட்டினாள். வாங்கிக்கொண்டான். வாசலில் குனிந்து ஷூ கயிற்றை நிதானமாகக் கட்டினான். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், ஏதாவது சொல்லுவான் என்று.

அவன் எழுந்து, பஸ் நிற்கிற பக்கம் பார்த்து நடந்து போனான்.