பூட்டுக்காரர் வீட்டுச் சீட்டி

இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் கைவிரித்த பிறகுதான், தனக்கு ஒரு தங்கை உண்டு என்பது அப்பாவுக்கு ஞாபகம் வந்தது.

போர் முடிந்ததும் சீருடையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கடல் தாண்டி வந்தவர் அவர். ரொட்டி ஆலையில் வேலை, அங்கேயே கல்யாணம், அங்கேயே நான். சொந்தக்காரர்களைப் பற்றிக் கேட்டால், "எல்லாரும் சண்டையில தொலைஞ்சு போயிட்டாங்கம்மா" என்பார். அதோடு பேச்சு நின்றுவிடும். இப்போது மட்டும் ஒரே பிடிவாதம். "அவ குரலை ஒரு தடவை கேட்டுட்டா நிம்மதியா கண்ணை மூடிடுவேன்."

நான் பஸ் ஓட்டுகிறவள். சிக்னலில் நிற்கக்கூடப் பொறுமை கிடையாது. அப்பாவைப் பக்கத்து வீட்டு நர்ஸிடம் ஒப்படைத்துவிட்டு விமானம் ஏறினேன்.

கிளம்பும்போது அவர் ஒரு சீட்டியை ஞாபகப்படுத்தினார். சின்னதாக இரண்டு, நீளமாக ஒன்று. சின்ன வயதில் விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்ததுதான். "சண்டைக் காலத்துல யாரு தட்டினாலும் நாங்க கதவைத் திறக்க மாட்டோம். இது எங்கண்ணன், நான், அவ, எங்க மூணு பேருக்கு மட்டும்தான் தெரியும். என் பேரைச் சொல்லாத. இதை அடி, திறந்துடுவா."

சாயப்பட்டறைக்குப் பின்னால் இருந்த அவர்கள் தெருவில் பழைய வீடு ஒன்றுகூட மிஞ்சவில்லை. அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, பூட்டு ரிப்பேர் செய்தவர் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். பூட்டுக்காரர் வீடு எது என்று கேட்டால், அதுவரை வாய் ஓயாமல் பேசிய கிழங்கள் எல்லாம் வானத்தைப் பார்த்தன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசியில் செருப்புத் தைப்பவர் ஒருவர், "நீ அவருக்கு என்ன வேணும்?" என்றார்.

"தம்பி பொண்ணு."

"அப்படின்னா சொல்ல மாட்டேன்."

அவர் மனைவி உள்ளேயிருந்து கத்தினாள். "சொல்லித் தொலைங்க. அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணிச்சு?"

அவர் சொன்ன இடம், ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு மாடிக் குடியிருப்பு. கதவுக்கு உள்ளே குழாயடியில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. தட்டவில்லை. சீட்டி அடித்தேன்.

உள்ளே ஏதோ கீழே விழுந்தது. குழாய் நின்றது. காதில் விழவில்லை போலிருக்கிறது என்று, புத்தி கெட்டவள், இன்னொரு முறை அடித்தேன்.

வெகுநேரம் கழித்துக் கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது. நரைத்த தலை, கையில் காய் நறுக்கும் கத்தி. என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் படிக்கட்டைப் பார்த்தாள்.

"எத்தனை பேரு வந்திருக்கீங்க?"

"நான் மட்டும்தான் அத்தை."

நான் யார் என்பதையும், எல்லாரும் சண்டையில் தொலைந்துபோனதாக அப்பா சொன்னதையும் சொன்னேன். அவள் சங்கிலியை எடுக்கவே இல்லை. அந்த இடைவெளி வழியாகத்தான் பேசினாள்.

"பெரியண்ணன் பட்டாளத்துக்குப் போக மாட்டேன்னு வீட்டுக்குள்ளயே ஒளிஞ்சிருந்துச்சு. தெருவுலயே நல்ல பூட்டு எங்க கதவுலதான். ராணுவம் வந்து தட்டினப்போல்லாம் மூச்சுக்கூட விடல. அப்புறம் ஒரு நாள் இந்தச் சீட்டி கேட்டுச்சு. சின்னண்ணன் வந்துட்டான்னு ஓடிப்போய்த் திறந்தேன். நான்தான் திறந்தேன். அவன் பின்னால ஒரு லாரி நிறைய ராணுவ ஆளுங்க நின்னாங்க. பெரியண்ணனைத் தெருக்குழாய்கிட்டயே வச்சுச் சுட்டுட்டாங்க."

நான் படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

"நாங்க தொலையல. நான்தான் அவன் கண்ணுல படாம இருந்தேன். என்னைப் பத்தி யாரும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு தெருவே சத்தியம் பண்ணிச்சு."

என் செல்போன் அடித்தது. நர்ஸ். அப்பா கையில் கொடுத்தாள்.

"கண்டுபிடிச்சியாம்மா?" குரல் இழுத்தது. "சீட்டி அடிச்சியா? கதவைத் திறந்தாளா?"

போனைக் காதிலிருந்து எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். அன்றைக்கு லாரியோடு வந்தார், இன்றைக்கு என்னை அனுப்பியிருக்கிறார். சாகக் கிடக்கிற மனிதர்மேல் அவ்வளவு கோபம் வரும் என்று நான் நினைத்ததில்லை. காத்திருக்காமல் அவரே சீட்டி அடிக்கத் தொடங்கினார். மூச்சு போதவில்லை. சின்னதாக இரண்டு வந்தது. நீளமானது பாதியில் காற்றாகப் போனது.

அத்தை காதைப் பொத்திக்கொள்ளவில்லை. கதவைப் பிடித்தபடி முழுக்கக் கேட்டாள். பிறகு, போனுக்குக் கேட்காத குரலில் என்னிடம் சொன்னாள்.

"வீட்டுல யாரும் இல்லன்னு சொல்லு. அன்னைக்கு நான் சொல்லியிருக்கணும்."

கதவு மூடியது. உள்ளே ஒவ்வொரு தாழ்ப்பாளாக விழுந்தது.

"அப்பா," என்றேன், "வீட்டுல யாரும் இல்லப்பா."